பொட்சுவோலியில் அக்கா குடும்பம் இருக்கலாமா? எரிமலையோரப் பெருநகரின் ஆபத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதியவர் கேட்டது சுருக்கமாக இது: அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளும் இத்தாலியில் நாப்போலி நகரை ஒட்டிய பொட்சுவோலியில் வாழ்கிறார்கள். அங்கே நிலம் மெல்ல மெல்ல மேலெழுகிறது, வீடு அடிக்கடி நடுங்குகிறது. அந்த எரிமலை எப்போது வெடிக்கும் என்று விஞ்ஞானிகளுக்குத் தெரியாதா, தெரிந்தும் மறைக்கிறார்களா, அவர்களை உடனே ஊருக்கு வரச் சொல்ல வேண்டுமா என்கிறார். மகாஓயாவில் வெந்நீர் ஊறுகிறதே, நம் பக்கத்திலும் எரிமலை இருக்கிறதா என்று ஒரு துணைக் கேள்வியும் உண்டு. இதை ஊன்றிப் படித்தபோது, வெடிக்குமா என்பதைவிட, சொல்ல வேண்டியவர்கள் நேரத்தோடு சொல்வார்களா என்பதுதான் அவரை உறுத்துகிறது என்று எனக்குப் பட்டது. 2004 டிசம்பர் 26 காலையில் எவரும் ஒரு வார்த்தை சொல்லாமலே கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ட கரையிலிருந்து இந்தக் கேள்வி எழுவது மிக நியாயமானது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் ஊர் மட்டக்களப்பு. புவிச்சரிதவியல் படித்து, எரிமலை ஆபத்து வரைபடம் தயாரிக்கும் முறையை இந்தோனேசியாவில் மெராப்பி மலைச்சரிவுகளில் பயின்று, பின்னர் நெடுங்காலம் அனர்த்த மதிப்பீட்டைக் கற்பித்தவன். பொட்சுவோலியில் கண்காணிப்புப் பணியில் இருந்தவன் அல்லன். அங்குள்ள நிலைமையை வெசூவியஸ் அவதான நிலையம் வெளியிடும் வாராந்த அறிக்கைகள் வழியாகவே தொடர்ந்து வருகிறேன். 1841 இல் தொடங்கப்பட்ட அந்த நிலையம், எரிமலையைக் கண்காணிப்பதற்கென்றே உலகில் முதன்முதலில் அமைந்தது.

ஓர் எரிமலையைப் பற்றி நமக்கு மிக உறுதியாகத் தெரிந்தது அதன் கடந்த காலம். அது வாய்வழிக் கதை அல்ல, மண்ணில் படிந்திருப்பது. மலைச்சரிவில் ஆளுயரத்துக்கு ஒரு குழி வெட்டி அதன் சுவரைக் கரண்டியால் வழித்துச் சுத்தம் செய்தால், அடுக்கடுக்காக எல்லாம் தெரியவரும். கீழே கறுத்த பழைய மேல்மண், அதன்மேல் வெளிறிய நுரைக்கல் அடுக்கு, அதற்கு மேல் மாவுபோன்ற சாம்பல், அதற்குள் கருகிய ஒரு மரக்கிளைத் துண்டு. நுரைக்கல் அடுக்கின் தடிப்பை நாடாவால் அளந்து, இதே அடுக்கைப் பல இடங்களில் தேடி அளந்தால், அந்த வெடிப்பில் எவ்வளவு பொருள் வெளிவந்தது, காற்று எந்தப் பக்கம் வீசியது என்று கணிக்க முடியும். கருகிய கிளையின் காபன் காலக்கணிப்பு, அது எந்தக் காலத்து வெடிப்பு என்பதைச் சொல்லும். சாம்பல் அடுக்கின் அமைப்பைக் கொண்டு, அது வானிலிருந்து உதிர்ந்ததா, நிலத்தோடு ஒட்டிப் பாய்ந்து வந்ததா என்றும் பிரித்தறியலாம். ஆபத்து வரைபடம் என்று பின்னர் அச்சாவது பெரும்பகுதியும் இத்தகைய நூற்றுக்கணக்கான குழிகளின் கூட்டுச் சாட்சியம்தான்.

நாப்போலியைச் சுற்றி இந்தச் சாட்சியம் ஏராளம். கிழக்கே வெசூவியஸ். கி.பி. 79 இல் பொம்பேயியையும் எர்கொலானோவையும் புதைத்தது, 1631 இல் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது, கடைசியாக 1944 மார்ச்சில் கக்கிவிட்டு இன்றுவரை அமைதியாக இருக்கிறது. எர்கொலானோவின் பழைய கடற்கரையிலிருந்த படகுக் கொட்டில்களில் ஏறத்தாழ 300 பேருடைய எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. கடல்வழியே தப்பலாம் என்று கரைக்கு வந்து நின்றவர்களை, கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்து மணிக்கு 100 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் நிலத்தோடு பாய்ந்து வந்த அனல் ஓட்டம் அங்கேயே பிடித்தது. எரிமலைக்கு அருகே அதிக உயிர்களைப் பறிப்பது இந்த அனல் ஓட்டமே. படங்களில் காட்டப்படும் செங்குழம்பைப் பெரும்பாலும் நடந்தே விலகிவிடலாம்.

மேற்கே, உங்கள் அக்கா வாழும் இடம், காம்பி பிளெக்ரேய். அது ஒரு மலை அன்று. ஏறத்தாழ 12 கிலோமீற்றர் அகலமான ஒரு பள்ளம். ஏறக்குறைய 40,000 ஆண்டுகளுக்கு முன்னும் 15,000 ஆண்டுகளுக்கு முன்னும் நிகழ்ந்த மாபெரும் வெடிப்புகளின்போது நிலம் உள்வாங்கியதால் உருவானது அது. அதன் ஒரு பகுதி கடலுக்கு அடியில் இருக்கிறது, மீதியில் ஊர்கள் இருக்கின்றன. பொட்சுவோலி அந்தப் பள்ளத்தின் நடுவிலேயே உள்ளது. வெசூவியஸ் வெடித்தால் எங்கே வாய் திறக்கும் என்பது ஏறத்தாழத் தெரியும். காம்பி பிளெக்ரேயில் அது பள்ளத்துக்குள் எங்கும் திறக்கலாம். எனவே அங்கு வரையப்படுவது இந்த இடத்தில் வாய் திறப்பதற்கான வாய்ப்பு கூடுதல், அந்த இடத்தில் குறைவு என்று நிறம் தீட்டிய வரைபடம். இன்னொரு வேறுபாட்டையும் பலர் கவனிப்பதில்லை. அப்பகுதியில் வானின் உயரங்களில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. வெசூவியஸின் சாம்பல் நாப்போலி நகரை விட்டு விலகிப் போகவே வாய்ப்பு அதிகம்; காம்பி பிளெக்ரேயின் சாம்பலோ நேரே நகரின் மேல் விழும்.

அங்கே கடைசி வெடிப்பு 1538 செப்ரெம்பர் 29 அன்று தொடங்கியது. அதற்கு முன் நிலம் பல மீற்றர் உயர்ந்தது, கடல் பின்வாங்கிக் கரை காய்ந்தது, மீன்கள் மணலில் கிடந்தன என்று அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு கிழமைக்குள் 130 மீற்றர் உயரமான ஒரு புதிய குன்று எழுந்தது. ஒக்ரோபர் 6 அன்று, அடங்கிவிட்டதென்று எண்ணி அதன்மேல் ஏறிப் பார்த்த 24 பேர் மீண்டும் வெடித்ததில் இறந்தார்கள். காம்பி பிளெக்ரேயின் வரலாற்றோடு ஒப்பிட்டால் இது சிறிய வெடிப்பு. அடுத்தது வந்தால் சிறியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கும், ஆனால் பெரியதை முற்றாக விலக்க முடியாது என்பதற்கும் இந்த நீண்ட வரலாறே ஆதாரம்.

இனி நிலம் உயர்வது பற்றி. பொட்சுவோலியில் உரோமர் காலத்துச் சந்தைக் கட்டடம் ஒன்றின் மூன்று பளிங்குத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றில், தரையிலிருந்து பல மீற்றர் உயரத்தில், ஓர் ஆளைவிட அகலமான பட்டையாகச் சிறு சிறு துளைகள் நெருக்கமாக இருக்கின்றன. அவை கடலில் கல்லைத் துளைத்து வாழும் சிப்பிகளின் வேலை. அப்படியானால் அந்தத் தூண்கள் நிலத்தோடு சேர்ந்து கடலுக்குள் அமிழ்ந்து, நெடுங்காலம் நீருக்குள் நின்று, பின்பு மீண்டும் மேலே வந்திருக்கின்றன. இத்தனைக்கும் தூண்கள் விழவில்லை. நிலம் ஏறுவதும் இறங்குவதும் அங்கே இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் என்பதும், ஒவ்வோர் ஏற்றமும் வெடிப்பில் முடிவதில்லை என்பதும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. 1970 முதல் 1972 வரையும் 1982 முதல் 1984 வரையும் ஒவ்வொரு முறையும் ஒன்றரை மீற்றருக்கு மேல் நிலம் உயர்ந்தது. இரண்டாவது முறை ஏறத்தாழ 40,000 பேரைப் பழைய நகரிலிருந்து வெளியேற்றினார்கள். வெடிப்பு நிகழவில்லை, நிலம் மெல்லத் தணிந்தது. 2005 முதல் மறுபடி உயர்ந்து வருகிறது. 2012 டிசம்பர் முதல் எச்சரிக்கை, நான்கு நிலைகளில் இரண்டாவதான மஞ்சள் நிலையில் இருக்கிறது. 2024 மே மாதம் 4.4 அளவான நடுக்கம் ஏற்பட்டு, பல நூறு குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2025 இல் அது 4.6 வரை எட்டியது. இந்த எண்கள் சிறியவையாகத் தோன்றலாம். ஆனால் இவை தரைக்குக் கீழே மூன்று நான்கு கிலோமீற்றருக்குள் நிகழ்வதால், இதே அளவில் ஆழத்தில் நிகழும் நடுக்கத்தைவிட வீட்டை மிகக் கடுமையாக உலுக்குகின்றன.

ஐயத்துக்குரிய பகுதி இங்கேதான் தொடங்குகிறது. நிலத்தைத் தூக்குவது ஆழத்திலிருந்து ஏறிவரும் மக்மாவா (உருகிய பாறைக் குழம்பா), அல்லது அதிலிருந்து பிரிந்து பாறை இடுக்குகளில் அழுத்தத்தோடு நிறையும் வாயுவும் வெந்நீருமா, இரண்டும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதில் வல்லுநர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு உண்டு. நடுக்கமானிகள், நிலத்தின் அசைவை மில்லிமீற்றர் அளவில் சொல்லும் ஜீபீஎஸ் நிலையங்கள், செய்மதிகள், வெளிவரும் காபனீரொட்சைட்டையும் கந்தக ஈரொட்சைட்டையும் அளக்கும் கருவிகள் என உலகில் மிக நெருக்கமாகக் கண்காணிக்கப்படும் எரிமலைகளுள் அதுவும் ஒன்று. ஆயினும் இவை எல்லாம் இன்று என்ன நடக்கிறது என்பதைச் சொல்கின்றன. இது எதில் முடியும் என்பது அளவீடு அன்று, தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைத் தனியொருவரின் ஊகமாக விடாமல் படிப்படியாகப் பிரிக்கிறார்கள். அமைதி குலைந்திருக்கிறதா, குலைந்திருந்தால் காரணம் மக்மாவா, மக்மா என்றால் அது மேற்பரப்பை எட்டுமா, எட்டினால் எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக என்று ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வாய்ப்பெண் கொடுத்துப் பெருக்குகிறார்கள். அந்த எண்களிற் சில அளவீட்டிலிருந்து வருகின்றன, சில பழைய வெடிப்புகளிலிருந்து வருகின்றன, மீதி வல்லுநர்களின் கணிப்பே. எனவே, திகதி தெரிந்தும் மறைக்கிறார்களா என்று கேட்டால் என் பதில் உறுதியாக இல்லை என்பதே. அப்படியொரு திகதி எவரிடமும் இல்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. பாப்புவா நியூகினியில் ரபாவுல் என்ற நகரம், பொட்சுவோலியைப் போலவே எரிமலைப் பள்ளத்துக்குள் கடலோரமாக அமைந்தது. 1983 முதல் 1985 வரை அங்கே நிலம் உயர்ந்தது, நடுக்கங்கள் பெருகின, மக்கள் அஞ்சினார்கள், எல்லாம் அடங்கியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1994 செப்ரெம்பரில், ஏறத்தாழ 27 மணித்தியாலம் மட்டும் கடுமையாக நடுங்கிவிட்டு எரிமலை இரு வாய்களில் வெடித்தது. நகரம் அழிந்தது, இறந்தவர்களோ ஐந்து பேர். 1937 வெடிப்பின் நினைவு முதியவர்களிடம் இருந்ததாலும், முந்திய நெருக்கடியில் வெளியேறும் வழிகளைப் பயிற்சி செய்திருந்ததாலும், பெரும்பாலோர் உத்தரவுக்குக் காத்திராமல் இரவோடிரவாக நடந்து போய்விட்டார்கள். ரபாவுல் சிறு நகரம். வெடிப்புக்கு முன் எல்லோரையும் வெளியேற்ற வேண்டிய பகுதியைச் சிவப்பு வலயம் என்கிறார்கள். காம்பி பிளெக்ரேயின் சிவப்பு வலயத்தில் மட்டும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் இருக்கிறார்கள். வெசூவியஸின் சிவப்பு வலயத்தில் 25 நகரசபைகளைச் சேர்ந்த ஏறக்குறைய 7 இலட்சம் பேர். இவர்களை வெளியேற்ற இத்தாலிய அரசின் திட்டம் 72 மணித்தியாலம் கேட்கிறது: ஆயத்தத்துக்கு 12, வெளியேறுவதற்கு 48, மேலதிகமாக 12.

எரிமலையோரப் பெருநகரின் ஆபத்து மதிப்பீட்டில் முழுச் சிக்கலும் இந்த 72 என்ற எண்ணில்தான் இருக்கிறது. வெடிப்பு நெருங்க நெருங்கவே அறிகுறிகள் தெளிவாகும். நகரம் பெரிதாகப் பெரிதாக முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டும், அதாவது அறிகுறிகள் மங்கலாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஒரு கிராமத்தை வெளியேற்ற மூன்று மணித்தியாலம் போதுமானால் விஞ்ஞானி மிக உறுதியான பின் சொல்லலாம். 5 இலட்சம் பேர் என்றால் அவர் பாதி உறுதியோடு சொல்ல வேண்டியவராகிறார். அப்படிச் சொன்னால் பலமுறை ஒன்றும் நடக்காமல் போகும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திரா அருகே 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது நம் கரையெங்கும் மக்களை உள்ளே போகச் சொன்னார்கள், கல்லடியிலும் காத்தான்குடியிலும் மருதமுனையிலும் மக்கள் பதறி ஓடினார்கள், பேரலை வரவில்லை. அதைப் பிழையான எச்சரிக்கை என்று சொல்பவர்களோடு நான் எப்போதும் வாதாடுவதுண்டு. அன்று தெரிந்திருந்த தகவலுக்கு அதுவே சரியான முடிவு.

இருபக்கப் பிழையும் வரலாற்றில் உண்டு. 1976 இல் கரிபியன் தீவான குவாதலூப்பின் சூஃபிரியேர் எரிமலைக்காக 70,000 க்கும் மேற்பட்டோரை வெளியேற்றி மாதக்கணக்கில் முகாம்களில் வைத்தார்கள், பெருவெடிப்பு நிகழவில்லை, விஞ்ஞானிகள் பொதுவெளியில் ஒருவரையொருவர் சாடிக்கொண்டார்கள். மறுபுறம், கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையின் ஆபத்து வரைபடம் 1985 ஒக்ரோபரில் வெளியானது. ஆர்மெரோ என்ற நகரம் சேற்றுப் பெருக்கின் பாதையில் இருப்பது அதில் தெளிவாக இருந்தது. நவம்பர் 13 இரவு, உச்சியிலிருந்த பனி உருகி, சேறாகத் திரண்டு, பள்ளத்தாக்கு வழியே இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக ஓடிவந்து அந்த நகரில் 20,000 க்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. அறிவு இருந்தது, நேரமும் இருந்தது. முடிவெடுக்க வேண்டியவர்கள் செலவுக்கும் கேலிக்கும் அஞ்சி உறுதியான செய்திக்காகக் காத்திருந்தார்கள். 1991 இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோவில் விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் ஒன்றாக நின்று, வெடிப்புக்கு முன்பே பல்லாயிரவரை வெளியேற்றினார்கள். அங்கேயும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், பெரும்பாலும் கூரை இடிந்து. அதே நாளில் வந்த சூறாவளியின் மழையில் சாம்பல் நனைந்தது. 10 சென்ரிமீற்றர் ஈரச் சாம்பல் ஒரு சதுர மீற்றரில் 100 முதல் 200 கிலோ வரை நிறுக்கும், அதாவது ஒவ்வொரு சதுர மீற்றர் கூரை மீதும் இரண்டு முதல் நான்கு சீமெந்து மூடை.

மகாஓயா பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் எரிமலை இல்லை. நம் காலடியில் இருப்பது கேம்பிரியனுக்கு முந்திய மிகப் பழைய உருமாறிய பாறை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஒரு கிலோமீற்றருக்கு மேல் இறங்கி, ஆழத்தின் இயல்பான வெப்பத்தில் சூடேறி, வேறொரு பிளவு வழியே விரைந்து மேலே வருவதே மகாஓயாவிலும் கன்னியாவிலும் வெந்நீராகிறது. நமக்கு மிக அருகில் இயங்கும் எரிமலை அந்தமானின் பாரன் தீவு, 1,400 கிலோமீற்றர் அளவு தொலைவில் இருக்கிறது. எரிமலை நம்மைத் தொட்டது கடல் வழியாகத்தான். 1883 ஓகஸ்ற் 27 அன்று இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது, ஏறத்தாழ 3,000 கிலோமீற்றருக்கு அப்பால் அம்பாறை மாவட்டத்தின் பாணமையில் கடல்நீர் அடித்துச் சென்ற பெண் ஒருவர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது.

இனி அக்கா குடும்பம். அடுத்த ஓராண்டை எடுத்துக்கொண்டால், அவர்களுக்கு நிகழக்கூடியவற்றுள் முதலிடம் எரிமலைக்கு அல்ல, நில நடுக்கத்துக்கே என்பது என் மதிப்பீடு. ஆகையால் முதலில் பார்க்க வேண்டியது வீட்டுச் சுவர். பழைய மஞ்சள் எரிமலைக் கல்லால் கட்டி, வளையில்லாமல் அடுக்குமாடியாக உயர்த்திய வீடா, 1980களின் நெருக்கடிக்குப் பின் நடுக்கத்தைக் கருதிக் கம்பி வைத்துக் கட்டிய கொங்கிறீற் வீடா என்பது பெரிய வேறுபாடு. 2023 க்குப் பின் அரசு அப்பகுதிக் கட்டடங்களின் உறுதியைப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வாடகை வீடானாலும், தங்கள் கட்டடம் பரிசோதிக்கப்பட்டதா என்று வீட்டுக்காரரிடமும் நகரசபையிலும் கேட்கச் சொல்லுங்கள். அடுத்தது பதிவு. வெளியேற்றத் திட்டம் முகவரிப் பதிவை நம்பியே பேருந்துகளையும் தங்குமிடங்களையும் கணக்கிடுகிறது. ஒவ்வொரு நகரசபையும் இத்தாலியின் வேறொரு பிராந்தியத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. ஒரே வீட்டில் இன்னொருவர் பெயரில் பதியாமல் வாழும் நம்மவர் பலர் உண்டு. அப்படியிருந்தால் அதை முதலில் சீர்செய்யட்டும். கூடுமிடம் எது, எந்தப் பிராந்தியம் என்பதைப் பிள்ளைகளும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பெற்றோரைவிட இத்தாலிய மொழி நன்றாக வரும்.

எச்சரிக்கை பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நான்கு நிலை. சிவப்பில் எல்லோரும் கட்டாயமாக வெளியேற்றப்படுவார்கள். செம்மஞ்சளில் மருத்துவமனைகளைக் காலி செய்வார்கள். விரும்பும் குடும்பங்களும் புறப்படலாம். ரபாவுலை நினைத்துச் சொல்கிறேன்: செம்மஞ்சள் அறிவித்த அன்றே அவர்கள் கிளம்ப வேண்டும், சிவப்புக்குக் காத்திருக்கக் கூடாது. அந்த அறிவிப்பு பின்னர் திரும்பப் பெறப்பட்டால் நட்டம் சில வாரச் சம்பளம்.

ஊருக்கே திரும்பி வரச் சொல்லலாமா என்றால், அதற்கு அவசியம் இருப்பதாக இன்றைய அறிக்கைகள் எனக்குக் காட்டவில்லை. ஆனால் சுவர் உறுதியற்ற வீடாக இருந்து, அத்தானின் வேலையும் இடம் கொடுத்தால், வடக்கே அவெர்சா அல்லது கசெர்த்தா பக்கம் வாடகைக்கு வீடு தேடுவதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவை இரண்டு சிவப்பு வலயங்களுக்கும் வெளியே இருக்கின்றன, நாப்போலிக்கு இரயிலும் உண்டு. வெடிப்பின்போது அங்கேயும் சாம்பல் விழக்கூடும். ஆனால் சாம்பலைக் கூரையிலிருந்து வழித்துத் தள்ளவும், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு உள்ளே இருக்கவும் முடியும், அனல் ஓட்டத்துக்கு எதிரே எந்த வீடும் காப்பாகாது.